பல் சுகாதாரப் பணியில் சட்டப் பொறுப்பும் அறப் பொறுப்பும்: கண்டதைச் சொல்லும் கடமை

ஒரு தனியார் பல் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளாகப் பல் சுகாதாரப் பணியாளராக, அதாவது டென்டல் ஹைஜீனிஸ்டாக, வேலை பார்க்கும் நீங்கள் மூன்று செய்திகளை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நேரம் போதவில்லை என்பதால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பிளவான ஈறுப் பையின் ஆழத்தை அளக்க வேண்டாம், பற்காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் மட்டும் செய்தால் போதும் என்று உரிமையாளரான பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் வேறு வேலையில் இருக்கும் நாட்களில் மரத்துப்போகும் ஊசியையும் உங்களையே போடச் சொல்கிறார். ஆறு ஆண்டுகளாகத் தவறாமல் அங்கே பல் சுத்தம் செய்துகொண்ட ஒரு பெண்மணிக்குத் தாடை எலும்பு கரைந்திருப்பதை வேறொரு மருத்துவர் கண்டறிந்திருக்கிறார். "இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்று அவர் கடிதம் அனுப்பிய பிறகு, பழைய பதிவுகளில் "ஈறு நோய் பற்றி அறிவுறுத்தப்பட்டது" என்று சேர்த்து எழுதும்படி உங்களிடம் கேட்கிறார்கள். இதில் சட்டப்படி உங்கள் பொறுப்பு எவ்வளவு, அறத்தின்படி எவ்வளவு என்பது உங்கள் கேள்வி.

இந்தப் பணியில் நெடுங்காலம் இருந்தவள், பிறகு அதையே கற்பித்தவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த வேலைக்கு நீங்களே பொறுப்பு. அதே அளவுக்கு, நீங்கள் கண்டும் சொல்லாமல் விட்டதற்கும் நீங்களே பொறுப்பு. இரண்டாவது பொறுப்பைத்தான் நம்மில் பலர் உணர்வதில்லை. உங்கள் மூன்று செய்திகளிலும் ஓடும் சிக்கலும் அதுவே என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். சட்டத்தின் நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். எனவே நான் சொல்லும் பொது விதிகளை உங்களுக்கு உரிமம் தரும் பதிவு மன்றத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அந்தக் கடிதம் பற்றி மட்டும் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரிடமும் உங்கள் தொழில்சார் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசுங்கள்.

"மருத்துவர் சொன்னார், நான் செய்தேன்" என்ற வாதத்திலிருந்து தொடங்குகிறேன். ஊழியர் பணியின்போது செய்யும் கவனக்குறைவுக்கு முதலாளியும் பொறுப்பு என்பது பல நாடுகளின் சட்டங்களில் நிலைபெற்ற கொள்கை. இதை அறிந்த பலர், பொறுப்பு முழுவதும் முதலாளியிடம் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இந்தக் கொள்கை பாதிக்கப்பட்ட நோயாளிக்கு இழப்பீடு கேட்க இன்னொருவரையும் காட்டுகிறதே தவிர, தவறு செய்தவரை விடுவிப்பதில்லை. மருத்துவர் மீதும் உங்கள் மீதும் சேர்த்தே வழக்குத் தொடரலாம். இழப்பீட்டு வழக்கு ஒரு பாதை மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவு மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கை தனிப்பாதை. அங்கே நோயாளிக்குச் சேதம் ஏற்பட்டதா என்பதைவிட நீங்கள் நடந்துகொண்ட விதம் பதிவு பெற்ற ஒருவருக்குத் தகுமா என்பதே பெரிதாகப் பார்க்கப்படும். குற்றவியல் வழக்கு மூன்றாவது பாதை. அது எளிதில் வருவதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவக் கவனக்குறைவு குற்றமாக வேண்டுமென்றால் அது மிகக் கடுமையான அளவில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் பதிவைத் திருத்துவது கவனக்குறைவு என்ற வகையிலேயே சேராது. அது பற்றிப் பின்னால் வருகிறேன்.

கவனக்குறைவு என்று நிரூபிக்க நான்கு கூறுகள் வேண்டும்: நோயாளியிடம் உங்களுக்குக் கடமை இருந்திருக்க வேண்டும், அந்தக் கடமையில் நீங்கள் தவறியிருக்க வேண்டும், அவருக்குச் சேதம் நேர்ந்திருக்க வேண்டும், அந்தத் தவறால்தான் அந்தச் சேதம் வந்தது என்பது தெரிய வேண்டும். நாற்காலியில் அவரை உட்கார வைத்துக் கருவியை எடுத்த உடனேயே முதல் கூறு நிறைவேறிவிடுகிறது. இரண்டாவது கூறுக்கு அளவுகோல் எது என்பதில்தான் வாதங்கள் நடக்கும். இங்கிலாந்தில் 1957-இல் போலம் வழக்கில் சொல்லப்பட்ட அளவுகோல் பிற நாடுகளிலும் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது: அந்தத் துறையில் பொறுப்புள்ள வல்லுநர்கள் சரி என்று ஏற்கும் முறையில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது. உங்களைப் பொறுத்தவரை, உங்களுக்கு உள்ள அதே பயிற்சியைப் பெற்ற ஒரு பொறுப்பான பல் சுகாதாரப் பணியாளர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதே கேள்வி. உங்கள் மருத்துவமனையின் வழக்கம் என்ன என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது. ஒரு மருத்துவமனை முழுவதும் ஆழம் அளப்பதில்லை என்றால், அங்கே எல்லோரும் சேர்ந்து தவறுகிறார்கள் என்றே பொருள்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் தொழில் பிறந்ததே சட்டம் வரைந்த எல்லைக்குள்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், நோய் வருமுன் காக்கும் வேலைக்கென்றே ஒருவர் வேண்டும் என்று கருதி, 1906-இல் தம் உதவியாளரான ஐரீன் நியூமனுக்குப் பயிற்சி தந்தார். 1913-இல் அங்கேயே முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1917-இல் நியூமனுக்கு உரிமம் கிடைத்தது. எதைச் செய்யலாம், யாருடைய மேற்பார்வையில் செய்யலாம் என்ற இரண்டு வரையறைகளும் தொடக்கத்திலிருந்தே இந்தத் தொழிலின் கூடவே வருகின்றன. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவரோ மருத்துவரோ அல்லாமல், பற்களில் ஸ்கேலிங் செய்து, சுத்தம் செய்து, மெருகூட்டுபவர் அல்லது பல் சுகாதாரம் பற்றி அறிவுரை தருபவர் என்று டென்டல் ஹைஜீனிஸ்டை வரையறுத்தது. அந்த வரையறையில் ஊசி இல்லை. அமெரிக்காவிலோ வாஷிங்டன் மாநிலம் 1971-இலேயே பயிற்சி பெற்ற ஹைஜீனிஸ்டுகள் மரத்துப்போகும் ஊசி போடுவதை அனுமதித்தது. பிரிட்டனில் 2013 மே மாதம் முதல், பல் மருத்துவர் முன்னதாகப் பார்க்காமலேயே நோயாளி நேராக ஹைஜீனிஸ்டிடம் வர வழி உண்டு.

ஆக, உங்களுக்கு ஊசி போடத் தெரியுமா என்பது இங்கே முதல் கேள்வியே ஆகாது. நீங்கள் பணிபுரியும் இடத்தின் சட்டம் அதை உங்கள் பணி வரம்புக்குள் வைத்திருக்கிறதா, அதற்குரிய பயிற்சியும் சான்றும் உங்களிடம் உள்ளனவா, சட்டம் கேட்கும் மேற்பார்வை அந்த நேரத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டுமே அதைச் செய்யலாம். மேற்பார்வை என்பதிலும் படிகள் உண்டு. மருத்துவர் அருகில் நின்று, செய்து முடித்ததைச் சோதிக்க வேண்டும் என்பது ஒரு படி. கட்டடத்துக்குள் இருந்தால் போதும் என்பது இன்னொரு படி. அவர் எழுதிக் கொடுத்த திட்டத்தின்படி அவர் இல்லாதபோதும் செய்யலாம் என்பது மற்றொன்று. எந்த வேலைக்கு எந்தப் படி என்பதைச் சட்டமே சொல்லும். மருத்துவர் தம் வாய்மொழியால் அதைத் தளர்த்த முடியாது. வரம்பை மீறிச் செய்த வேலையில் ஏதேனும் நேர்ந்தால், நீங்கள் எவ்வளவு திறமையாகச் செய்தீர்கள் என்ற வாதம் எடுபடாது, காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கக்கூடும். முதல் முறை கேட்கும்போது மறுப்பதைவிட ஐந்தாம் முறை மறுப்பது கடினம் என்பதால் இதை இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் சொத்தை ஒரு கட்டத்தில் நோயாளியைத் தூங்க விடாமல் மருத்துவரிடம் இழுத்துவரும். ஈறு நோய் அப்படிச் செய்யாது. பல்லின் மேற்பகுதியில் உள்ள பற்காரையை எடுத்துவிட்டால் ஈறின் வெளி விளிம்பு வெளிறி, இறுகி, பார்வைக்கு நலமாகத் தெரியும். அடியில், ஈறுப் பைக்குள் படிந்திருக்கும் காரையும் கிருமிப் படலமும் அப்படியே இருந்து எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். நோயாளி ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறார், சுத்தம் செய்துகொள்கிறார், வாய் நன்றாக இருக்கிறது என்று நம்பி வீடு திரும்புகிறார். கவனிப்புக்கு நடுவிலேயே நடக்கும் இந்தப் புறக்கணிப்பைத்தான் துறையில் மேற்பார்வையின் கீழான புறக்கணிப்பு என்கிறோம். வராமலே இருந்த நோயாளியைவிட, தவறாமல் வந்து ஏமாந்த நோயாளிக்கு நாம் பட்ட கடன் பெரிது. உங்கள் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிய பெண்மணி அப்படிப்பட்டவர்தான்.

இதைத் தடுக்கும் கருவி, நம் தட்டில் எப்போதும் கிடக்கும் அளவுக் கோடிட்ட புரோப். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளந்து, 1 முதல் 3 மி.மீ. வரை பொதுவாக நலம் என்றும், 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆகும்போது, அதுவும் இரத்தக் கசிவோடு ஆகும்போது, எச்சரிக்கை என்றும் பார்ப்பது நாம் அனைவரும் முதல் ஆண்டிலேயே கற்றது. 2018-இல் வெளியான ஈறு நோய்களின் உலகளாவிய புதிய வகைப்பாடு, நோயின் தீவிரத்தை நிலைகளாகவும், அது முன்னேறும் வேகத்தை, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு, தரங்களாகவும் பிரிக்கிறது. அளவுகள் பதிவில் இல்லாவிட்டால் அந்த வகைப்பாட்டை யாரும் பயன்படுத்தவே முடியாது. முந்தைய அளவு இல்லாமல் இன்றைய அளவு பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. சென்ற ஆண்டு 3 மி.மீ. இருந்த இடத்தில் இன்று 5 மி.மீ. இருக்கிறது என்பதே நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவையான செய்தி. ஆகவே அளக்க வேண்டாம் என்ற கட்டளை நேர மேலாண்மை பற்றிய கட்டளை போலத் தோன்றினாலும், நோயைக் காண வேண்டாம் என்ற கட்டளையாகவே அது முடிகிறது. அதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கட்டுப்படக் கூடாது என்றே சொல்வேன்.

இங்கே மாணவர்கள் தவறாமல் ஒரு தயக்கத்தைச் சொல்வார்கள்: நோயைக் கண்டறிந்து பெயரிடுவது மருத்துவரின் வேலை, நாம் நோயாளியிடம் சொன்னால் வரம்பை மீறியது ஆகாதா? பல இடங்களில் நோய்க்குப் பெயரிடும் அதிகாரம் நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கண்டதைச் சொல்வது வேறு, நோய்க்குப் பெயரிடுவது வேறு. "வலது பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு அருகே ஈறு 6 மி.மீ. ஆழம் விலகியிருக்கிறது, தொட்டதும் இரத்தம் கசிகிறது, போன முறை இப்படி இல்லை, மருத்துவர் இதை இன்றே பார்க்க வேண்டும்" என்று சொல்வதில் நோய்ப் பெயர் எதுவும் இல்லை, நோயாளிக்குத் தேவையான உண்மை முழுவதும் அதில் இருக்கிறது. பிறகு அதே சொற்களை மருத்துவரிடமும் சொல்லி, இருவரிடமும் சொன்னதாகப் பதிவிலும் எழுத வேண்டும். 1923-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல் சுகாதாரப் பணியாளர் சங்கம் தன் அறநெறிக் கோவையில் நோயாளியின் தன்னுரிமை, இரகசியம் காத்தல், தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி, சமூக நம்பிக்கை ஆகியவற்றோடு வாய்மையையும் அடிப்படை மதிப்பாக வைத்திருக்கிறது. வாய்மை என்றால் பொய் சொல்லாமை மட்டும் என்று சுருக்கிக்கொண்டால் நம் தொழிலில் பெரும்பாலான தவறுகள் அதன் கண்ணில் படாமலே போய்விடும்.

நானே இதில் தவறியிருக்கிறேன். பணிக்கு வந்த தொடக்கத்தில், புகைப்பழக்கம் உள்ள ஒருவருக்குப் பல இடங்களில் 6 மி.மீ. அளந்தேன். வெளியே காத்திருப்பவர்கள் அதிகம். மருத்துவர் அவசரத்தில் இருந்தார். அடுத்த முறை விரிவாகப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த முறை அவர் வர ஒன்றரை ஆண்டாயிற்று, வந்தபோது முன்பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, ஏனென்றால் நான் அன்றே அதைக் கண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு கண்டதைச் சொல்லாமல் எந்த நோயாளியையும் நாற்காலியை விட்டு எழ விட்டதில்லை.

ஆழம் அளப்பதற்கு முன்பே தொடங்கும் கடமை ஒன்று உண்டு: உடல்நல வரலாற்றை ஒவ்வொரு வருகையிலும் கேட்டுப் புதுப்பிப்பது. ஸ்கேலிங் செய்யும்போது வாயில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை என்றாலும், செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு அது ஆபத்தாகலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈறைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை இப்படிப்பட்ட மிகை ஆபத்து உள்ளோருக்கு மட்டும் என்று சுருக்கியது. மருந்து எழுதுவது நம் வேலை அன்று. ஆனால் சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையே அவருக்கு வால்வு மாற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டறிந்து, கருவியை எடுக்காமல் நிறுத்தி, மருத்துவரை அழைப்பது நம் வேலை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, எலும்பு வலுவுக்கான சில மருந்துகள், கருவுற்றிருத்தல், ஒவ்வாமை என்று பட்டியல் நீளும். "மாற்றம் ஏதும் இல்லை" என்று எழுதும் முன் உண்மையில் கேட்டீர்களா என்பதே முக்கியம்.

நோயாளியின் ஒப்புதலுக்கு வருகிறேன். வயதுவந்த, தெளிந்த மனமுள்ள எவருக்கும் தம் உடலில் என்ன செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1914-இல் நியூயார்க் வழக்கு ஒன்றில் எழுதினார். ஒப்புதல் பற்றிய இன்றைய சட்டம் பெரிதும் அங்கிருந்து வளர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில், சோதனைக்காகக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கும் கொடுத்த ஒப்புதல் ஆகாது என்று தெளிவாக்கியது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் மாண்ட்கோமரி வழக்கில், எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவ உலகத்தின் வழக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதை வைத்தும் பார்க்கச் சொன்னது. நம் வேலையில் இவை எப்படிப் பொருந்தும்? நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பது சாதாரணச் சோதனைக்கான ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். வேர்ப்பரப்பு வரை போகும் ஆழமான சுத்திகரிப்புக்கு அது போதாது. அதன் பிறகு பல் கூச்சம் வரலாம், வீக்கம் வடிந்து ஈறு கீழிறங்கிப் பற்கள் நீண்டு தெரியலாம், பற்களுக்கிடையே இடைவெளி தோன்றலாம் என்பதையெல்லாம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டால், சரியாகவே செய்த சிகிச்சையைக்கூட நோயாளி கெடுதலாகவே நினைப்பார். கையெழுத்து வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகிவிடாது. அவருக்குப் புரியும் மொழியில் பேசி, கேட்க நேரம் கொடுத்து, மறுக்கவும் இடம் கொடுத்தால்தான் அது ஒப்புதல்.

மறுப்பதும் அவர் உரிமைதான். எக்ஸ்ரே வேண்டாம், ஆழமான சுத்திகரிப்பு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், மறுப்பதால் என்ன ஆகலாம் என்பதை விளக்கி, விளக்கியதையும் அவர் மறுத்ததையும் எழுத வேண்டும். ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தரக்குறைவான சிகிச்சைக்கு நோயாளியால் ஒப்புதல் தர முடியாது. 6 மி.மீ. பைகள் உள்ள ஒருவர் "மேலே மட்டும் பளபளவென்று செய்துவிடுங்கள்" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு, நாமும் செய்துகொண்டே இருந்தால், அவர் கேட்டார் என்பது நம்மைக் காப்பாற்றாது. ஒரு கட்டத்தில் மருத்துவர் அவரிடம் இப்படித் தொடர முடியாது என்று சொல்லி, அவகாசம் கொடுத்து, வேறு மருத்துவரை நாட வழிகாட்ட வேண்டியிருக்கும். திடீரென்று கைவிடுவதும் குற்றச்சாட்டுக்கு இடம் தரும் என்பதால் இது எழுத்தில் முறையாக நடக்க வேண்டும்.

இப்போது அந்தப் பழைய பதிவு. எக்காரணத்தைக் கொண்டும் எழுதாதீர்கள். அளவுகளை எடுக்காமல் விட்டது கவனக்குறைவு என்ற கேள்வியாக இருக்கும். நடக்காத உரையாடலை நடந்ததாக முன்தேதியில் எழுதுவது ஏமாற்றும் நோக்கத்துக்கான சான்றாக மாறும். அதன் பிறகு உண்மையாக எழுதிய பக்கங்களைக்கூட யாரும் நம்பமாட்டார்கள். கணினிப் பதிவாக இருந்தால் எந்த நாளில், எந்த நேரத்தில், யாருடைய கணக்கிலிருந்து எழுதப்பட்டது என்ற தடம் பொதுவாக உள்ளே பதிந்திருக்கும்; காகிதமாக இருந்தாலும் மையும் இடைவெளியும் வரிசையும் காட்டிக்கொடுக்கும். உண்மையில் நடந்து, எழுத மறந்த ஒன்றைச் சேர்க்க நேர்மையான வழி உண்டு: இன்றைய தேதியிட்டு, இது தாமதமாகச் சேர்க்கப்படும் குறிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்த நாளைப் பற்றியது, ஏன் இப்போது எழுதப்படுகிறது என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். பிழையைத் திருத்தும்போதும் பழைய எழுத்து படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளைமை பூசி மறைக்கக் கூடாது. ஆனால் நோயாளியிடமிருந்து புகார் வந்த பிறகு, நேர்மையான சேர்க்கையைக்கூட வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். உங்களுக்கு நினைவிருப்பதைத் தனியாக எழுதி அவரிடம் கொடுங்கள்.

எதிர்காலப் பதிவுகளுக்கு ஒரு சொல். நோயாளி என்ன சொன்னார், நீங்கள் என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன அறிவுறுத்தினீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை போதும். "அக்கறை இல்லாதவர்", "தொல்லை தருபவர்" போன்ற முத்திரைகளுக்கு அங்கே இடமில்லை. "பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யக் காட்டிக் கொடுத்தேன், செய்ய நேரம் இல்லை என்றார்" என்பது தகவல். அந்தப் பதிவை நோயாளியே படித்தாலும் நீங்கள் நாண வேண்டியிராத வகையில் எழுதுங்கள்.

இரகசியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை தகவல் பாதுகாப்பைச் சட்டக் கடமையாக்கியிருக்கின்றன. நடைமுறையில் மீறல் நடப்பது நல்லெண்ணத்தோடுதான்: சுவையான ஓர் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நோயாளியின் பெயரை மட்டும் அழித்து முகத்தை விட்டுவிடுவது, வரவேற்பறையில் உரக்கப் பேசுவது. தொற்றுத் தடுப்பிலும் அப்படித்தான், விதிகள் எல்லோருக்கும் தெரியும். கருவிகளை நீராவியால் தூய்மையாக்கும் ஆட்டோகிளேவ் உண்மையில் கிருமிகளைக் கொல்கிறதா என்று வாரம் ஒருமுறை, எளிதில் சாகாத கிருமி வித்துகளை வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனை செய்ய வேண்டும் என்பதும், அறுவை அல்லாத சிகிச்சைக்குப் பயன்படும் நீரில் கிருமி அளவு மில்லி லிட்டருக்கு 500-ஐத் தாண்டக் கூடாது என்பதும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதலில் உள்ளவை; அந்தச் சோதனைப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுகிறாரோ அவர் சோதனையைச் செய்தாரா என்பது மட்டுமே மனச்சாட்சிக்குரிய கேள்வி.

ஆனால் தொற்று அச்சம் வேற்றுமை காட்டுவதற்கான காரணமாகும்போது அதை எளிதாகக் கடந்துபோக முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-இல் விசாரித்த பிராக்டன் எதிர் ஆபட் வழக்கின் தொடக்கமே ஒரு பல் மருத்துவமனைதான். எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்ன பெண்ணின் பல் சொத்தையைத் தம் அறையில் அடைக்க மருத்துவர் மறுத்து, பொது மருத்துவமனையில் வைத்துச் செய்வதாகவும் அதற்கான மருத்துவமனைச் செலவை அவரே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். நோய் அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. தொற்றும் மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டமும் சிகிச்சை மறுப்பைத் தடை செய்கிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்பது அறிவியலின் முடிவு. உண்மையைச் சொன்ன ஒருவரைத் தண்டித்தால் அடுத்தவர் உடல்நல வரலாற்றில் உண்மையைச் சொல்லமாட்டார்.

குழந்தைகளிடம் நாம் காணும் காயங்களும் கண்டதைச் சொல்லும் கடமையில் சேரும். குழந்தைகள் மீதான உடல் வன்முறையில் பாதிக்கும் மேற்பட்ட நேர்வுகளில் காயம் தலை, முகம், கழுத்துப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை நல்ல வெளிச்சத்தில் நெடுநேரம் பார்ப்பவர்கள் நாம். சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தாமல் கிழிந்திருக்கும், உதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்பு, வெவ்வேறு நாள்பட்ட கன்றல்கள், பெற்றோரைப் பார்த்து ஒடுங்கும் பிள்ளை ஆகியவற்றைக் காணும்போது நிரூபணம் தேடுவது நம் வேலை அன்று. நியாயமான ஐயம் எழுந்தாலே தெரிவிக்க வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். இந்தியாவின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம், குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவதும் தண்டனைக்குரியது. மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று அவரும் இருந்துவிட்டால் குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பும்.

உங்கள் உரிமையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். அவரை எதிரியாகக் கருதித் தொடங்க வேண்டாம். ஆழம் அளக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டுச் செல்லுங்கள். ஒருவர் அளவைச் சொல்ல இன்னொருவர் குறித்துக்கொண்டால் நேரம் வெகுவாகக் குறையும். அளக்காமல் விட்டால் அவருக்கு வரும் சட்ட ஆபத்து உங்களுக்கு வருவதைவிடப் பெரியது என்பதையும் மரியாதையாகச் சொல்லுங்கள். ஊசி பற்றிய விதியை அச்சிட்டுக் கொண்டு செல்லுங்கள். பேசியதை அன்றே அவருக்கு ஒரு குறுமடலாக எழுதி அனுப்பிவிடுங்கள். பதிவைத் திருத்தும்படி மீண்டும் வற்புறுத்தினால், அல்லது சாதாரண ஸ்கேலிங் செய்துவிட்டு ஆழமான சுத்திகரிப்பு என்று கட்டணச் சீட்டில் எழுதச் சொல்லும் நிலை வந்தால், அது பேச்சால் தீரும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பதிவு மன்றத்துக்குத் தெரிவிப்பதும் வேலையை விடுவதும்தான் மீதி இருக்கும். வருமானத்தை நம்பிக் குடும்பம் இருக்கும்போது இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது என்பதை அறிவேன். ஆனாலும் வேலை போனால் இன்னொன்று தேடலாம், உரிமம் போனால் தேட ஒன்றும் இருக்காது.

கடைசியாக, அந்தப் பெண்மணி. அவரிடம் மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது; உங்கள் இடத்தில் இது எப்படி என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் சம்மதித்த பிறகு, மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்மணியிடம் கடந்த அளவுகள் எங்கள் பதிவில் இல்லை, அளந்திருக்க வேண்டும், இப்படி ஆனதற்கு வருந்துகிறோம் என்று சொல்லுங்கள். அவருடைய பதிவுகளின் முழு நகலை, உள்ளது உள்ளபடி, அவர் கேட்ட அன்றே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் அவரை அனுப்புவதற்கான கடிதத்தையும் தயாராக வைத்திருங்கள். எலும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது, எந்தப் பற்களைக் காப்பாற்றலாம் என்பதே இப்போது அவருக்கு வேண்டிய பதில். அதில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு இழப்பு.